அடுத்தவர் வலையில் நம் வீட்டுக் குறி

சிரஞ்சீவி ஆதிநாராயணனுக்கு, கோட்டைக்குப்பத்திலிருந்து உன் நைனா லோகநாதன் மனம் நிறைய வாழ்த்தி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா கோவிந்தம்மா, உன் மாமன் மாரி வீட்டார் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். உனக்கும் அந்தக் காய்ச்சல் அடியோடு விட்டுப்போய், நாக்குக்கு ருசி திரும்பி, உடம்பு பழையபடி தேறியிருக்கும் என்று நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். காகிதம் கோட்டையில் கணக்கெழுதுகிற என் பழைய மாணவன் சீனிவாசன் கொடுத்தது, அதனால் வேண்டுமட்டும் எழுதலாம்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாமன் வீட்டில் வயிறு முட்ட இறால் தின்றுவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே வந்து என்னை ஒரு கேள்வி கேட்டாய். அடுத்த வீட்டுல துன்னா நம்ம வூட்டு அடுப்புக்குக் கோவம் வருமா நைனானு கேட்டாய். நான் வாத்தியார் அல்லவா, உடனே உதாரணம் சொன்னேன். ஏரியைப் பாருடா, முகத்துவாரம் திறந்தால் கடல் தண்ணி உள்ளே வருகிறது, ஏரி கோபித்துக்கொள்கிறதா, மீன்தானே கூடுகிறது என்றேன். நீயும் நம்பிவிட்டாய். இப்போது அந்தப் பதிலைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. அடுப்புக்குக் கோபம் வராது. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வரும்.

சந்தியாகு தண்டல் தன் தோணியில் கொண்டுவந்து கொடுத்த உன் கடிதத்தை உன் அம்மாவையும் மாமனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன். காய்ச்சலில் கிடந்தேன், அம்மா கசாயம் வைத்துக் கொடுத்தாள், அம்மா நெற்றியில் பற்றுப் போட்டாள், அம்மா விடியுமட்டும் பக்கத்திலேயே இருந்தாள் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா திடுக்கிட்டு, நான் எப்போ கசாயம் வச்சேன், காய்ச்சல்ல புள்ளைக்கு புத்தி இன்னாவோ ஆயிருக்குதுனு அழப் பார்த்தாள். அடுத்த வரியில்தான் அது அக்கரையில் நீ தங்கியிருக்கிற வீட்டு வேலாத்தை என்று தெரிந்தது. அதற்கப்புறம் அவள் அழவில்லை. எழுந்துபோய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த சட்டியை இன்னொரு தரம் தேய்த்தாள். அவர்கள் பனங்கிழங்கு மாவில் வைக்கிற ஒடியல் கூழ் மாதிரி ஒன்றை இதுவரை சாப்பிட்டதே இல்லை என்று நீ எழுதியதைப் படித்தபோது உள்ளேயிருந்தே, அப்படினா நான் ஆக்கிப்போட்ட மடவை மீன் குழம்பெல்லாம் நாய் துன்னுச்சானு கேட்டாள். மாரி சிரித்துவிட்டான். அன்றைக்கு அவனுக்குச் சோறு வெகுநேரம் கழித்துத்தான் கிடைத்தது.

உன் அம்மாவுக்குத்தான் பொறாமை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அவளைவிட எனக்குத்தான் அதிகம். பேசிக்கொண்டிருந்தோம் என்று எழுதுகிறவன் இப்போது கதைத்துக்கொண்டிருந்தோம் என்று எழுதுகிறாய். அந்த வீட்டுப் பெரியவர் பச்சைமுத்தர் வானத்தைப் பார்த்துக் காற்றுச் சொல்லுவார், இம்மியும் பிசகாது என்று எழுதுகிறாய். நான் உனக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தபோது, நைனா சொன்னால் பிசகாது என்று நீ யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா? சுப்பனை உனக்கு நினைவிருக்கும், வடக்குக் கோடி வீட்டுக்காரன். அவன் மகன் என்னிடம் படிக்க வந்து சில மாதம் ஆனதும் ஒருநாள் சுப்பன் சண்டைக்கு வந்துவிட்டான். வாத்தியாரே, என் புள்ள உன்ன மாரியே தொண்டையக் கனைக்கிறான், உன்ன மாரியே கையப் பின்னால கட்டிக்கினு நடக்கிறான், என்ன மாரி ஒண்ணத்தயும் காணோமே, இது இன்னா நியாயம்னு கேட்டான். நான் அதை நல்ல வேடிக்கை என்று நினைத்துப் பலபேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சுப்பனைத் தெருவில் பார்த்தால் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறேன்.

போன வருஷத்து ஐப்பசிப் புயலில் கடலுக்கு அந்தக் கரையில் வலையும் கட்டுமரமும் ஒன்றுமில்லாமல் போயிற்று என்று கேள்விப்பட்டு, நூலும் சணலும் ஏற்றிக்கொண்டு, கூலி வேண்டாம், வலை கட்டிக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று நம் குப்பத்துப் பிள்ளைகள் நீங்கள் கிளம்பியபோது நான்தான் முதலில் சரி என்றவன். அதில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை. மற்ற பிள்ளைகள் ஆடியில் திரும்பி வந்தார்கள். நீ மட்டும், நான் தங்கியிருக்கிற வீட்டு வலை இன்னும் கடலில் இறங்கவில்லை என்று சொல்லியனுப்பினாய். பெற்ற மகனையே புயலுக்குக் கொடுத்துவிட்ட வீடு அது, அங்கே இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் என்ன என்று நானே உன் அம்மாவைச் சமாதானம் செய்தேன். அந்த மட்டும் நல்ல மனுஷனாகத்தான் இருந்தேன். அப்புறம்தான் உன் கடிதத்தில் அந்த வரி வந்தது. வலை முடிந்துவிட்டது, மிதப்புக் கட்டைகளில் எல்லாம் நம் வீட்டு மீன்முள் குறியை வெட்டிவிட்டேன் நைனா என்று என்னமோ சாதாரணமாக எழுதியிருந்தாய்.

ஆதி, நீ எந்த ஊரில் பிறந்தவன்? யார் குறி கட்டையில் இருக்கிறதோ அவன் அந்த வலைக்காரன், அந்த வலை எந்தக் கரையில் காய்கிறதோ அவன் அந்தக் கரைக்காரன் என்று உனக்குத் தெரியாதா? என் அப்பன் எனக்கு வெட்டிக் கொடுத்த குறி அது. கால் ஊனமாகி நான் தொழிலுக்குப் போகாமல் பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டபோதும் அந்தக் குறியை விடவில்லை. உன் மாமன் வலையில்கூட நீ அதை வெட்டியதில்லை. அதைக் கொண்டுபோய், நான் பார்த்திராத ஒரு மனிதருடைய வலையில் வரிசையாக வெட்டித் தொங்கவிட்டிருக்கிறாய். இது நம் இரண்டு பேருக்குள் இருந்திருந்தால்கூட விழுங்கியிருப்பேன். சந்தியாகு தோணியை விட்டு இறங்கும்போதே, வாத்தியாரே உங்க மீன்முள்ளு அக்கரைல வலை முழுக்கத் தொங்குதுனு எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டான். அதோடு விட்டானா, அந்த வேலாத்தை பேசுகிற மாதிரியே குரலை மாற்றிக்கொண்டு, தம்பியை எங்கட பிள்ளை மாதிரி எண்டு சொல்லாதேங்கோ, அவன் எங்கட பிள்ளைதான் என்று நடித்தும் காட்டினான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு வருமட்டும் எனக்கு நெஞ்சு எரிந்தது.

மறுநாளே நம் பெரியதனக்காரர் தருமலிங்கம் வந்துவிட்டார். தை அமாவாசையன்று ஏரியில் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று பாடு பிரிக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு குறிக்கட்டையைக் கூடையில் போட்டுக் குலுக்குவது உனக்குத் தெரியும். இந்த வருஷத்திலிருந்து நம் வீட்டுக்கு உன் கட்டை என்றுதானே பேச்சு. அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, வாத்தியாரே, ஒரு ஆளு ஒரு கரைக்குத்தான், உன் புள்ள கட்டைய நம்ம கூடைல போடறதா, இல்ல அவன் அந்தக் கரைக்காரன் ஆயிட்டானா, அமாவாசைக்கு முன்னால சொல்லிடு, அப்பால என்னைக் குத்தம் சொல்லாதனு கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். இந்த வருஷம் விட்டால் அந்த இடம் வேறு வீட்டுக்குப் போகும், போனது திரும்பாது. உன் அம்மா உள்ளேயிருந்து வந்து, என் புள்ள எந்தக் கரைக்காரனும் இல்ல, என் வவுத்துக்காரன், போடு கூடைலனு சொன்னாள். தருமலிங்கம், அம்மா நான் உன்னக் கேக்கலனு சொல்லிவிட்டு மெதுவாக நழுவிவிட்டார்.

சரி, கட்டையாவது தயாராக இருக்கட்டும் என்று கல்யாண முருங்கையில் புதிதாக ஒன்று சீவினேன். அவனவன் குறியை அவனவன் கையால் வெட்டுவதுதான் வழக்கம். ஆள் இல்லாவிட்டால் தகப்பன் வெட்டலாம் என்று ஊரில் ஒத்துக்கொள்வார்கள். நன்றாகச் சீவி, மணல் போட்டுத் தேய்த்து, கத்தியை எடுத்து வைத்தேன். கை போகவில்லை ஆதி. நீ உயிரோடு, கூழ் குடித்துக்கொண்டு, கதைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாய். இருந்தாலும் நீ இல்லாத வீட்டில் உனக்காக நான் குறி வெட்டினால், நீ இனி வரப்போவதில்லை என்று நானே சொல்லுகிற மாதிரி இருந்தது. கத்தியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா வந்து கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்த் தன் உறிக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டாள்.

அப்போதுதான் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நான் எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன், வரியைப் பாதியில் விட்டுப் படிக்காதே, முழுசாகப் படி என்று. நானே பாதியைத்தான் படித்திருக்கிறேன். பெரியவர் கட்டைகளைக் குறி போடாமல் வெறுமனே வைத்திருந்தார், கேட்டால் பேசாமல் எழுந்து போய்விட்டார், குறியில்லாத கட்டையோடு வலை தண்ணீரில் இறங்கக்கூடாதே என்றுதான் நம் குறியை வெட்டினேன் என்று நீ அதற்கு மேலேயே எழுதியிருக்கிறாய். உனக்கு அவர் ஏன் எழுந்து போனார் என்று புரியவில்லை. எனக்கும் முதலில் புரியவில்லை, எனக்கு மீன்முள் மட்டும்தான் கண்ணில் குத்தியது. அந்த வீட்டுக் குறியை அதற்கு முன்னால் யார் வெட்டிக்கொண்டிருந்திருப்பான், சொல். உயிரோடு இருக்கிறவனுக்கு வெட்டவே எனக்குக் கை போகவில்லை. அவருக்கு எப்படிப் போகும்? அவர் உன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. நீதான் தெரியாமல் அவர் மகன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாய். அவர் உன்னை எழுந்திரு என்று சொல்லவும் முடியாமல், இரு என்று சொல்லவும் முடியாமல் இருக்கிறார்.

தருமலிங்கத்திடம் போய் இதைச் சொன்னேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டே, வலையோட மொதக் கட்டைல அந்த வீட்டுக் குறி இருந்துச்சுனா வலை அவங்களுது, மிச்சக் கட்டைல இருக்கறது ஒத்தாசைக்கு வந்தவன் குறி, அப்படினா உன் புள்ள நம்ம கரைதான், சந்தியாகு வந்து ஆமானு சொன்னாப் போதும்னு சொன்னார். சந்தியாகுவின் தோணி தை பிறப்பதற்கு முன் அங்கேயிருந்து திரும்பும். நீயும் அதில் வந்துவிட்டால் நல்லது. இங்கே உன் கட்டை குறியில்லாமல் உன் அம்மாவின் உறிக்குப் பக்கத்தில் தொங்குகிறது, அதை உன் கையால்தான் வெட்டவேண்டும், நான் தொடமாட்டேன்.

இவ்வளவு எழுதியதால் எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எண்ணாதே. கசாயத்தை நினைத்தால் இன்னும் கசக்கிறது. அந்தக் கூழில் என்னவெல்லாம் போடுகிறார்கள் என்று கேட்டு வா, உன் அம்மா தனக்குத் தெரியவேண்டாம் என்கிறாள், அதனால் கட்டாயம் கேட்டு வா. அவள் வேலாத்தைக்கு ஒரு பானைக் கருவாடு அனுப்பியிருக்கிறாள். பிள்ளையைக் காய்ச்சலில் பார்த்துக்கொண்டவளுக்கு என்று சொல்லித்தான் கட்டினாள், கட்டும்போது முகம் மட்டும் கடுகடு என்று இருந்தது. அதை அப்படியே சொல்லாதே, பிரியமாகக் கொடுத்தாள் என்று சொல், அதுவும் பொய்யில்லை. காலை வேளையில் ஈரத்தலையோடு காற்றில் நிற்காதே. நீயும், உனக்குச் சோறு போடுகிற அந்த வீடும், இனி இறங்கப்போகிற அந்த வலையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்கவேண்டும் என்று நானும் உன் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

இதை மட்டும் நாளைக்கே செய்து பார். வலையின் முதல் கட்டையை அவிழ்த்துவிட்டு, குறியில்லாத புதுக் கட்டை ஒன்றைச் சீவி, கத்தியோடு பச்சைமுத்தர் கையில் கொடு. கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் நைனா,
லோகநாதன்
கோட்டைக்குப்பம்