டாஷ்போர்டில் ஓர் ஓட்டை

மார்ச் 3, செவ்வாய்

மழை. காலை ஷிப்ட், இரண்டு மணிக்கு வீடு. பரமற்றா ஸ்டேஷனடியில் ஒரு பள்ளிப்பிள்ளை பஸ்ஸுக்குள் சத்தி எடுத்தது. மற்றபடி பிழையில்லாத நாள்.

வென்ட்வேர்த்வில் கடையில்: இடியப்ப மா, முருங்கைக்காய், கருவாடு (இவருக்குச் சொல்லாமல். உப்புக் கூடாதாம்).

குசினி மேசையில் இவருடைய போன் அடித்தது. இவர் குளித்துக்கொண்டிருந்தார். எடுத்தேன். யாரோ ஒரு ஆள். கரவனைப் பார்க்கச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறாராம், விலாசம் சரிதானா என்று கேட்க எடுத்தாராம். எந்தக் கரவன்? எங்கள் கரவன்! போன வருடம் ஓய்வுபெற்ற கையோடு இவர் ஆசை ஆசையாக வாங்கி, இன்னும் ஒரு நாள்கூட நாங்கள் படுத்து எழும்பாத, காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சில்லு வீடு.

குளித்துவிட்டு வந்தவரைத் துவாயோடு நிறுத்திவைத்துக் கேட்டேன்.

"ஓம், வித்துப்போட்டு விடுவம். ஆர் இழுக்கிறது? என்னை ஆறு மாசம் கார் ஓடக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"நான் இழுக்கிறன்."

சிரித்தார். பத்தொன்பது வருடம் சிட்னியில் பஸ் ஓட்டுகிறவளைப் பார்த்துச் சிரித்தார்.

"இஞ்ச பாரும் வதனி, உது பஸ் இல்லை. பஸ்ஸுக்குப் பின்னால ஒண்டும் கொழுவிக்கொண்டு ஆடாது."

அதில் நியாயம் இருக்கிறது. சிரித்ததில் நியாயம் இல்லை.

டிசம்பரில் குளியலறையில் மயங்கி விழுந்தாரே, அன்றிலிருந்து ஒவ்வொன்றாக விற்கிறார். முதலில் ஏணி. பிறகு புல் வெட்டுகிற மெஷின். பிறகு சைக்கிள். இப்போது கரவன். இனித் தனக்கு ஒன்றும் தேவையில்லை என்று இந்த மனுசன் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். கரவன் போனால் அடுத்தது என்ன, கட்டிலா? விடமாட்டேன்.

மார்ச் 4, புதன்

வெயில். புழுக்கம். சேலை காயவில்லை.

காலையில் துளசிக்குப் போன். மகள் மெல்பேர்ணில், கிரெய்கிபர்னில் இருந்துகொண்டு ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள்: "அம்மா, யூ ட்ரைவ் அ பஸ். வாட்ஸ் ஹிஸ் ப்ராப்ளம்?" கரவனை இழுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் என் திட்டம். போகிற வழியில் நாலு இடத்தில் நிற்பாட்டி, நாலு இடத்தில் தேத்தண்ணி போட்டு, இவரை வெளிக்காற்றுப் படவைத்து.

ஆனால் ஒரு சிக்கல். கரவனுடைய சில்லுகளில் மின்சார பிரேக் இருக்கிறது. அதை எவ்வளவு அழுத்தவேண்டும் என்று சொல்ல ஒரு கொன்ட்ரோலர் வேண்டும். எங்கள் காரில் அது இல்லை. அது இல்லாமல் இழுத்தால் சட்டப்படியும் பிழை, கழுத்துக்கும் கூடாது.

பின்னேரம் குகன் அண்ணை வந்தார். இவருடைய சிநேகிதர், அடுத்த தெரு. கரவனோடு குயின்ஸ்லாந்து வரை போய்வந்தவர், அதைச் சொல்லாமல் ஒரு தேத்தண்ணி குடிக்கமாட்டார். கையில் தன் வயர்லெஸ் கொன்ட்ரோலர்.

"தங்கச்சி, உதுதான் சுகம். பெட்டியைக் கரவனில கொழுவு, ரிமோட்டைக் காருக்குள்ள வை, முடிஞ்சுது. காரில ஒரு ஆணி அடிக்கத் தேவையில்லை."

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆணி அடிக்கத் தேவையில்லை என்றால் இவருக்குக் கோயிலில் பூ விழுந்த மாதிரி.

நான் குறித்துக்கொண்டது:
வயர்லெஸ்: கழற்றி மற்றக் காருக்கும் போடலாம். மெக்கானிக் தேவையில்லை. ரிமோட்டைக் கைக்கெட்ட ஒட்டிவைக்க ஒரு தாங்கி தருகிறார்கள்.
வயர்: டாஷ்போர்டுக்குப் பின்னால் நிரந்தரமாக இருக்கும். ஒரு குமிழ் மட்டும் வெளியே. பற்றரியிலிருந்து பின்பக்கம் வரை வயர் இழுக்கவேண்டும். ஓட்டை போடவேண்டும்.

"ஓட்டையோ? புதுக் கார். நாளைக்கு விக்கேக்க ஆர் வாங்குவான்?" என்றார் இவர்.

நாளைக்கு விக்கேக்க. இந்த வீட்டின் தேவாரம் இதுதான். வாடகை வீட்டில் இருந்தபோது ஏஜென்ட் வந்து சுவர் பார்ப்பான் என்று ஆணி அடிக்கவில்லை. சொந்த வீடு வாங்கியபிறகு, விக்கேக்க சுவரில் தழும்பு இருக்கக்கூடாது என்று ஆணி அடிக்கவில்லை. எங்கள் கலியாணப்படம் இந்த நாட்டுக்கு வந்த இருபத்திரண்டு வருடமாக நிலத்தில் நின்று சுவரில் சாய்ந்துகொண்டிருக்கிறது. கார் சீற்றில் கடையில் போட்ட பொலித்தீன் இன்னும் உரிக்கவில்லை. இருந்தால் கரகர என்று சத்தம். டாஷ்போர்டில் ஒட்டியிருப்பது பிள்ளையார் ஒருவர்தான். அவருக்கு மட்டும் விலக்கு.

கடைசியில் ஒரு உடன்பாடு. "நாளைக்கு லாப்ஸ்டன் மலை ஏறி இறங்கிக் காட்டும். வடிவா ஓடினீர் எண்டா அந்த ஆளை வரவேண்டாமெண்டு சொல்லுறன்." சரி என்றேன். இவர் பிறகு பேச்சு மாறக்கூடாதென்று இன்னும் இரண்டுதரம் ஓம் சொன்னேன்.

மார்ச் 5, வியாழன்

லீவு நாள். முகில்.

ஒன்பது மணிக்குக் கரவனைக் கொழுவி, குகன் அண்ணை தந்த வயர்லெஸ் பெட்டியையும் அதில் பூட்டினோம். சங்கிலி, பிளக், லைட், எல்லாம் இரண்டுதரம் பார்த்தேன். ரிமோட்டின் தாங்கியை டாஷ்போர்டில் ஒட்டப்போனால் இவர் கையைப் பிடித்துவிட்டார். "பசை அடையாளம் விழும்." எங்கே வைப்பது? இரண்டு சீற்றுக்கும் நடுவில், கைவைக்கிற இடத்தில், அதற்கும் பொலித்தீன் உறை, அதன் மேல் சட்டைப்பையிலிருந்து எடுத்த லேஞ்சியை விரித்து ரிமோட்டைச் சாமிப்படம் மாதிரி வைத்தார். எனக்கு அப்போதே மனம் ஒப்பவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தது என் பிழை.

இவர் பக்கத்தில். குகன் அண்ணை பின் சீற்றில். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. பிரேக் அழுத்தினால் கரவனும் ஒழுங்காக நிற்கிறது. குகன் அண்ணை, "பிள்ளை பிரமாதம்" என்றார். இவர் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வந்தார்.

கிளென்புரூக்கில் திருப்பி இறங்கினோம். பள்ளம். வலப்பக்கத்தால் ஒரு பெரிய லொறி காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. பின்னால் கரவன் ஒரு ஆட்டம். பிறகு மற்றப் பக்கம், இன்னும் பெரிதாக. இந்த நேரத்தில் காரின் பிரேக்கை மிதிக்கக்கூடாது. ரிமோட்டில் இருக்கிற கைப்பிரேக் பொத்தானை அழுத்தினால் கரவன் மட்டும் தனியாகப் பிரேக் பிடித்து நேராகும். கையைக் கொண்டுபோனேன். லேஞ்சி இருக்கிறது, ரிமோட் இல்லை. பொலித்தீனில் சறுக்கி இவருடைய சீற்றுக்கு அடியில் போய்விட்டது.

"எங்க? எங்க?" என்று இவர் குனிகிறார். குகன் அண்ணை பின்னாலிருந்து "மாதாவே" என்கிறார். ரோட்டை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, காலை மெல்ல மெல்ல எடுத்தேன். இன்னும் ஒரு ஆட்டம். இன்னும் ஒரு சின்ன ஆட்டம். அடங்கியது. ஓரமாக நிற்பாட்டினேன்.

ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. குகன் அண்ணை இறங்கி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது:

"சொன்னனான் தானே."

என்ன சொன்னீர்கள்? லேஞ்சி விரிக்கச் சொன்னீர்கள்!

வீட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். பயந்தேன். ஒளிக்க ஒன்றும் இல்லை, நன்றாகப் பயந்தேன். ஆனால் கரவனை நேராக்கியது யார்?

பின்னேரம் இவர் அந்த ஆளுக்குப் போன் எடுத்துச் சனிக்கிழமையை உறுதிப்படுத்தினார். கேட்டுக்கொண்டு முருங்கைக்காய் வெட்டினேன். கொஞ்சம் பலமாகவே வெட்டினேன்.

மார்ச் 6, வெள்ளி

மரக்கறி நாள். மழை இல்லை. ஷிப்டை வேறொருவரோடு மாற்றிவிட்டேன்.

காரை எடுத்துக்கொண்டு நேரே செவன் ஹில்ஸ். இவரிடம் கேட்கவில்லை. "கடைக்குப் போட்டு வாறன்" என்றேன். எந்தக் கடை என்று இவரும் கேட்கவில்லை.

கார் வயரிங் வேலை செய்கிற செந்தில், கோயம்புத்தூர்ப் பிள்ளை. நேற்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

"அக்கா, வயர்லெஸ் மேல தப்பு சொல்லாதீங்க. தாங்கிய ஒட்டி, ரிமோட்ட அதுல மாட்டியிருந்தா உங்க கை நேரா அங்கதான் போயிருக்கும். வண்டி மாத்தி மாத்தி இழுக்கறவங்களுக்கு அதுதான் சௌகரியம்."

"எங்களிட்ட ஒரு கார்தான் தம்பி."

"அப்ப வயர் போட்டுருங்க. ஒரு தடவை வேலை. அது எங்கயும் உருண்டு போகாது."

பிறகு ஒரு நல்ல செய்தி சொன்னார். ஓட்டையே தேவையில்லையாம். வலது முழங்காலுக்குப் பக்கத்தில் வெறும் சுவிட்ச் மூடி ஒன்று இருக்கிறது, குமிழை அதில் பொருத்தினால் வெளியே தெரியாது, விற்கும்போது பழைய மூடியைப் போட்டுவிடலாம்.

இவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! போன் எடுத்துச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

சீற்றில் ஏறி இருந்து பார்த்தேன். நான் ஐந்தடி. சீற்றை முன்னுக்கு இழுத்துத்தான் இருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கையைக் கொண்டுபோனேன். ஸ்டியரிங் தடுக்கிறது. குனிந்தால்தான் எட்டும். நேற்றும் இப்படித்தான் தேடினேன். பிறகு இடதுகையை நீட்டினேன், கண் மூடியபடியே. அது தானாகப் போய் நின்ற இடத்தில் பிள்ளையார் இருந்தார்.

"இந்த இடம் தம்பி."

"அங்க சாமி இருக்காரேக்கா. அப்புறம் அங்க டிரில் பண்ணணும். நிஜமாவே ஓட்டை விழும். சார் ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"சொல்லுவார். நீர் போடும்."

பல் இடுக்குக்குப் போடுகிற நூலால் பிள்ளையாரை அடியோடு அறுத்து எடுத்தேன். மன்னிச்சுக்கொள்ளும் அப்பனே, இரண்டு விரற்கடை தள்ளி உட்காரும் என்று சொல்லிக் கைப்பைக்குள் வைத்தேன். செந்தில் டிரில்லைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். தலையாட்டினேன்.

கர்ர்ர். சின்னதாகக் கறுப்புத் துருவல் விழுந்தது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் போட்ட முதல் ஓட்டை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, செந்தில் பயந்துபோனார்.

மத்தியானம் வீடு. இவர் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். பிள்ளையார் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"விக்கேக்க என்னண்டு சொல்லுறது?"

"விக்கிறதெண்டா ஓட்டையோட சேர்த்து என்னையும் வில்லுங்கோ. டிரைவரோட வருகுதெண்டு விளம்பரத்தில போடுங்கோ."

சாப்பிடவில்லை. கோபம். இருக்கட்டும். பிறகு மூடிவைத்த சட்டியைத் திறந்து சாப்பிட்ட சத்தம் கேட்டது.

மார்ச் 7, சனி

நீலவானம். காற்று இல்லை.

எட்டரைக்குத் தனியாகக் கரவனைக் கொழுவினேன். இவர் ஜன்னலால் பார்த்தது தெரியும். கையில் விற்பனைக் காகிதங்கள், வரிசையாக ஃபைலில்.

"நான் மலைக்குப் போறன். வாறதெண்டா வாங்கோ. இல்லாட்டி அந்த ஆளோட இருந்து தேத்தண்ணி குடியுங்கோ."

"பதினொரு மணிக்கு ஆள் வருவார்."

"வரட்டும். வெறும் முற்றத்தைப் பார்த்துப்போட்டுப் போகட்டும்."

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் காத்திருந்தேன். அதற்குமேல் இல்லை என்று முடிவு. நாலாவது நிமிடம் கதவு திறந்தது. ஃபைலோடுதான் ஏறினார். பொலித்தீன் கரகர என்றது.

தெரு முனையில் மெதுவாகப் போய்க்கொண்டே குமிழை அழுத்திப் பார்த்தேன். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு நிறுத்தம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொருதரம் அழுத்தினேன். "காணும் காணும்" என்றார் இவர்.

லாப்ஸ்டன் இறக்கம். லொறி வரவேண்டும் என்று நான் வேண்டவில்லை, ஆனால் வந்தது. இரண்டு. முதலாவது ஆட்டத்திலேயே இடதுகை குமிழில் இருந்தது. ரோட்டை விட்டுக் கண் எடுக்கவில்லை. கரவன் அடங்கி நேராக வந்தது. இரண்டாவது லொறிக்கு ஆடவே இல்லை. இறக்கம் முடிந்தபிறகுதான் இவருடைய காலைப் பார்த்தேன். இல்லாத பிரேக்கை அழுத்தவில்லை. சீற்றுக்கு அடியில் மடக்கி வைத்திருந்தார்.

கீழே எமு பிளெயின்ஸில் நிற்பாட்டி, கரவனுக்குள் ஏறிக் கேத்தில் வைத்தேன். முதல் தேத்தண்ணி. இவருக்குச் சீனி இல்லாமல். சிறிய மேசை, எதிரும் புதிருமாக இருவரும். பதினொன்று ஐந்துக்குப் போன் அடித்தது. அந்த ஆள். வாசலில் நிற்கிறாராம்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன். இதை அவரே சொல்லவேண்டும்.

"மன்னிக்கவும்," என்று இங்கிலீஷில் தொடங்கினார். "கரவன் விற்பனைக்கு இல்லை. என் மனைவி ஓட்டுகிறாள்." எதிர்ப்பக்கம் ஏதோ கத்தினது. கோபம் நியாயம்தான், பாவம். இவர் மூன்றுதரம் மன்னிப்புக் கேட்டார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மெல்பேர்ணுக்கு எத்தினை நாள் பிடிக்கும்?" என்றார்.

எழும்பித் தட்டுக் கழுவுகிற மாதிரி மறுபக்கம் திரும்பி நின்றேன். கழுவ ஒரு தட்டும் இருக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

லீவு போர்ம் நிரப்பியாயிற்று, மூன்று கிழமை, இருபத்தொரு நாள்.

வாங்க: காஸ் சிலிண்டர், சின்ன அரிசிச் சட்டி, குடை, இவருடைய குளிசை இரண்டு மாதத்துக்கு, சுத்தியல், ஆணி.

காருக்குள் ஏதோ சத்தம் என்று போய்ப் பார்த்தேன். சீற்றுப் பொலித்தீனைப் பல்லைக் கடித்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தார். பிள்ளையாரைக் குமிழுக்குப் பக்கத்தில் தானே ஒட்டிவைத்திருக்கிறார், கொஞ்சம் சரிவாக.

"கலியாணப்படத்துக்கு எத்தினை ஆணி வேணும்?" என்று கேட்கிறார். ஒன்று போதும். நான் ஒரு பாக்கெட் வாங்கப்போகிறேன்.