வேகம் கூடாத பந்து

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ வீசிய பேஸ்பால் பந்துகளின் வேகம் எப்போதும்போலத்தான் இருந்தது. சுழற்சி மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. விரலில் பிசின் இருந்தால்தான் அப்படி ஏறும்; அது விதிப்படி தடை.

பயிற்சியின் பலன் என்று நம்பப் பார்த்தேன். ஆனால் சாப்பிடும்போது நீ அம்மாவின் கன்னத்தைக் கிள்ளினாய்.

"விடுடா கழுதை! கையில என்னடா பசை?"

"மாம்பழம்மா."

நாம் சாப்பிட்டது வாழைக்காய் மசியல்.

சனிக்கிழமை உன் பந்துவீச்சைப் பார்க்க அமெரிக்கக் குழு ஒப்பந்தத்தோடு வருகிறது. வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் கருவி முன்னால் அன்றும் நான்தான் உட்காருவேன். "காலேஜ் படிச்ச பொண்ணு, பொய் சொல்லாது" என்று பயிற்சியாளர் ஃபௌஸ்டோ எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். சுழற்சி ஏறிய காரணத்தை அவர்கள் கேட்டால் மறைக்க மாட்டேன்.

நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதுவரை எழுதியதை உன் கையுறைக்குள் வைக்கப் போனேன். உள்ளே ஒரு டப்பா இருந்தது. நான் திறக்கவில்லை. அதை நீயே எறிந்துவிடு.

உன் அக்கா