மரகதத்தின் கண் சீட்டு

12-7-1971, திங்கள்

இன்று கண்ணாடிக் கடைக்குப் பிள்ளையார்பாளையத்துத் தறிக்கார வீட்டு அம்மா ஒருத்தி மகளோடு வந்தாள். மகள் மரகதத்துக்குப் போன மாதம்தான் கல்யாணம். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கண் டாக்டர் மகளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினாள். தேதியைப் பார்த்தேன். நான்கு வருடம் பழையது.

“இது செல்லாதும்மா. ஒரு வருஷம் தாண்டின சீட்டுக்குக் கண்ணாடி போடக்கூடாது. அதான் ரூல்” என்றேன்.

“காயிதம் கொஞ்சங்கூட கிழியலியே சார். சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா வெச்சிருந்தேனே” என்றாள். கண்ணாடி போட்ட பெண்ணை எவன் கட்டுவான் என்று கல்யாணம் வரைக்கும் காத்திருந்திருக்கிறாள்.

மரகதத்தை உட்காரவைத்து, வலது கண்ணை மூடிக்கொண்டு எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னேன்.

“அட்டை எங்க சார் இருக்குது?” என்றாள்.

சீட்டை மறுபடி பார்த்தேன். இடது கண்ணை ஒரு மாதத்துக்குள் திரும்பக் காட்ட வேண்டும் என்று டாக்டர் அடியில் இங்கிலீஷில் எழுதியிருந்தார். நாளைக்கே மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். “நாலு வருஷமா என்னம்மா பண்ணிக்கினு இருந்தீங்க?” என்று கத்தியும் விட்டேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. “அப்பவே இதே சீட்டைக் கொண்ணாந்து உங்ககிட்டதானே சார் காட்டினேன்? ‘சீட்டு எங்கம்மா ஓடிடப்போவுது, கல்யாணத்த முடிச்சிக்கினு வாங்க’ன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொல்லியிருப்பேன். பெண்ணைப் பெற்றவர்கள் யார் வந்து தயங்கினாலும் அப்படித்தான் சொல்லி அனுப்புவேன். இன்னும் எத்தனை வீட்டில், சாமி படத்துக்குப் பின்னால்...