கல்லறையில் பூத்த அவுரி

அக்கா,

இன்று காலை சேமக்காலையில் உங்கள் கல்லறையடியில் நின்றவர்கள்: கனடாவிலிருந்து வந்த உங்கள் மகள், மருமகன், செபம் சொல்ல வந்த உபதேசியார், நான். ஆத்துமாக்கள் திருநாள். மெழுகுதிரி மணம் இன்னும் என் சேலையில் இருக்கிறது.

மகள் உங்கள் கல்லறைமேல் பூத்து நின்ற செடியைக் கண்டதும் மண்ணில் முழங்காலிட்டாள். "அம்மா கேட்ட கொழுஞ்சி! சொன்னபடியே செஞ்சிட்டீங்க சின்னம்மா!" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். பூத்த கொப்பொன்றை ஒடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள்.

படுக்கையில் கிடந்து நீங்கள் கேட்டது அது ஒன்றுதான். "எனக்குமேல சீமெந்து பூச விட்டிராத புள்ள, மூச்சு முட்டும். கொழுஞ்சி விதையத் தூவி விடு. ஆடு கடிச்சாலும் திரும்பத் தளிர்க்கும், என்னப் போல."

வாவிக் கரையில் நாம் ஆட்டுக்குக் குழை ஒடித்த காலத்தில் அவுரியும் கொழுஞ்சியும் கலந்துதான் நிற்கும். இரண்டுக்கும் சின்ன இலை, செம்மை கலந்த ஊதாப் பூ. நீங்கள் ஓர் இலையின் நுனியைப் பிடித்து இழுப்பீர்கள். அம்புமுனைபோலக் கிழிந்தால் கொழுஞ்சி. "பூவப் பாத்து மயங்காத புள்ள, இழுத்துப் பாரு. மாப்பிள்ள பாக்கிறதும் இப்பிடித்தான்" என்று சிரிப்பீர்கள்.

எல்லோரும் போன பிறகு, உங்கள் நினைவில், ஓர் இலையை இழுத்தேன். குறுக்கே நேராகக் கிழிந்தது. இன்னொன்றும் அப்படித்தான். அவுரி.

கடையில் மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணிப் பார்க்கிறவள் நான். உங்களை அடக்கிய பிறகு வாவிக் கரையில் காய்ந்த நெற்றைக் கண்டதும், கொழுஞ்சி எனக்குத் தெரியாததா என்று விதை எடுத்துவிட்டேன். ஓர் இலையை இழுக்கவில்லை.

அதைவிட வெட்கம் அதற்குப் பிறகுதான். மத்தியானம் மகளும் மருமகனும் சாப்பிட வந்தார்கள். சொல்ல வாயெடுத்தேன். "இனி நான் நிம்மதியாப் போவன் சின்னம்மா" என்றாள் மகள். "ஓம் மகள்" என்று சொல்லிவிட்டு அவள் சோற்றில் குழம்பை ஊற்றினேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

செபமாலையை எடுத்தால் மணி நகரவில்லை. விரலில் நிற்பது அந்த இலை கிழிந்த விதம்தான். அவளிடம் சொன்னால் அந்தக் கொப்பை என்ன செய்வாள்? சொல்லாவிட்டால் உங்கள் கல்லறையில் நான் எந்த வாயால் செபிப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை அவள் புறப்படுகிறாள். சொல்லவா, விடவா? அதற்கு முன்னம் பதில் தாருங்கள் அக்கா.