கூரைமேல் பதினேழு புள்ளிகள்

கெய்ரோ,
3 மார்ச் 1971

அன்புள்ள அம்மாவுக்கு,

நாலு நாளுக்குள் இது இரண்டாவது கடிதம். அப்பாவை மறுபடி மூக்குக் கண்ணாடியைத் தேட வைத்ததற்கு மன்னியுங்கள். ரொட்டி பற்றி ஒரு சந்தேகம்.

நான் வேலை பார்க்கும் ஆவணக் காப்பகத்தில் பழைய கோயில் படங்களைப் புத்தகமாகப் போடுகிறார்கள். அதில் நம் எட்ஃபு கோயிலும் இருக்கிறது. நூற்றுப் பதினைந்து வருடத்துக்கு முன் ஓர் ஐரோப்பியர் எடுத்த படம். தூண்கள் கழுத்தளவு மண்ணில் புதைந்திருக்கின்றன. கோயில் கூரைமேல் நம் ஆட்களின் மண்வீடுகள். ஒரு வீட்டுக்கு முன்னால் வெள்ளைப் புள்ளிகள். படம் பிடித்த கண்ணாடித் தகட்டில் விழுந்த கறை என்கிறார்கள் இங்கே. அடுத்த வாரம் தூரிகையால் மறைத்துவிடுவார்கள். எனக்கோ வெயிலில் உப்ப வைத்த ரொட்டி மாவு போலத் தெரிகிறது. சொல்லத்தான் தைரியம் வரவில்லை. நீங்கள் எப்படி அடுக்குவீர்கள்?

உங்கள்
வஹீபா

எட்ஃபு,
8 மார்ச் 1971

கண்ணு வஹீபா,

அம்மா சொல்லச் சொல்ல அப்பா எழுதுறேன்:

"மாவு வைக்க நம்ம கூரைக்கு ஏறுடின்னா அப்பல்லாம் உனக்குக் கால் வலிக்கும். இப்பக் கடுதாசி போட்டுக் கேக்குற. ஒவ்வொரு உருண்டையும் ஒரு மண்தட்டுல. வெயில்ல மட்டும்தான் வைப்போம். நிழல் நகர்ந்து வந்தா தட்டையும் நகர்த்துவோம். படத்துல சுவத்து நிழல் எங்க விழுதுன்னு பாரு. கறைக்கு நிழலு வெயிலு தெரியுமா? போய்ச் சொல்லு. உன் வாய் என்கிட்ட மட்டும்தான் நீளும்."

கை வலிக்குது, இத்தோட விட்டுடுறேன்.

இப்படிக்கு
மன்சூரின் அம்மா
(எழுதினது அப்பா)

கெய்ரோ,
15 மார்ச் 1971

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன். காப்பக இயக்குநர் சிரித்தார். "ஏம்மா, உங்க ஊர்ல கோயில் மேலயா மாவு காயும்?"

"காயாது சார், உப்பும்" என்றேன். சுவர் நிழலின் ஓரத்தைக் காட்டினேன். பதினேழு புள்ளிகள், ஒன்றுகூட நிழலுக்குள் இல்லை. அவர் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தூரிகைய எடுத்து வைங்கப்பா" என்றார். புள்ளிகள் அப்படியே அச்சாகப் போகின்றன. அன்று மதியம் எனக்கு நல்ல பசி.

படத்தின் கீழே, விவரம் சொன்னவர் பெயரைப் போட வேண்டுமாம். "மன்சூரின் அம்மா" என்று எழுதினேன், அடித்துவிட்டேன். நம் ஊரில் அம்மா பெயரை வெளியில் சொல்வதில்லை என்று தெரியும். பள்ளியில் ஒருவன் அதைச் சொன்னதற்கு மன்சூர் அண்ணன் அவன் பல்லை உடைத்ததும் நினைவிருக்கிறது.

அப்பா, இந்தக் கடைசி வரியையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்: நபவிய்யா என்று போடட்டுமா?

வஹீபா