பூச்சில் பதிந்த கட்டைவிரல்

அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா? அப்பா எழுந்து உட்காருறாரா?

இங்க ஒரு கூத்து. பிளாஸ்டிக் சாமான் வார்க்குற எஃகு அச்சு தேயாம இருக்க மேல தங்கநிறப் பூச்சு ஏத்துறோம். அரம் போட்டாலும் கீறாது. ஆனா பூசுறதுக்கு முன்னாடி வெறுங்கை பட்டா, வியர்வைப் பிசுக்கால பட்ட இடத்துல ஒட்டாது. அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுதான்னு போன் பார்க்கக் கையுறையைக் கழட்டினவன், மறந்துபோய் அப்படியே அச்சை எடுத்துட்டேன். தேய்மானச் சோதனையில என் கட்டைவிரல் அளவுக்குப் பூச்சு உரிஞ்சு வந்துடுச்சு. "கைநாட்டு வச்சிருக்கான்"னு சூப்பர்வைசர் சிரிச்சார். நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

கை வெடிப்புக்குக் களிம்பு அனுப்பு. அப்பாவுக்குத் தையல் பிரிச்சதும் போட்டோ அனுப்பு. இனிமே அவருக்கு என்னன்னாலும் என் வேலை முடிஞ்சப்புறம் சொல்லு.

வேணாம்மா, உடனே சொல்லு.

மணி அடிச்சுட்டாங்க.

உன் மூத்தவன்