அம்மன் முகத்தைத் தொடாத விரல்கள்

என் உயிரான மாமிக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்று நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் நடந்ததை உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

போனில் ஒரு பாடம் படிக்கிறேன், மாமி. மனிதர்கள் கணினியோடு எப்படிப் பழகுகிறார்கள், படத்தையும் குரலையும் சேர்த்து ஒரு செயலியை எப்படி வடிவமைப்பது என்று சொல்லித்தரும் பாடம். ஏன் படிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாதா? வட்டகொடையில் அம்மா வீட்டில் நான் தங்கிய அந்த இரண்டு நாளும், காலையில் போட வேண்டிய பிரஷர் மாத்திரையை நீங்கள் இரவிலும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் மகன் கொழும்பில். உறையில் எழுதியிருந்ததை வாசித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. அதனால்தான் போனீர்களா? டொக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

எழுத்துத் தெரியாதவர்களுக்கும் எந்த நேரம் எந்த மாத்திரை என்று காட்டிச் சொல்லும் செயலியைத்தான் செய்தேன். சாமியைக் கும்பிடாமல் நான் எதைத் தொடங்கியிருக்கிறேன்? முதல் திரை முழுக்க நம் தோட்டத்து மாரியம்மனை வைத்தேன். அந்த முகத்தைத் தொட்டால் உள்ளே திறக்கும்.

போன ஞாயிறு மூன்று பேரைக் கூப்பிட்டேன். எதுவும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது பாடத்தின் விதி. பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டுத் திருப்பித் தந்தார். அடுத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். மூன்றாவதாக வந்த சாந்தியோ, இன்னும் தலைக்கு ஊற்றவில்லை, தொடக்கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒருவரும் உள்ளே போகவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. லெச்சுமி அக்காவிடம் காரணம் கேட்டேன்.

"ஆத்தா மூஞ்சியில வெரல வச்சு அமுக்கச் சொல்றியே, படிச்சுப் படிச்சு புத்தி கெட்டுப்போச்சா புவனா?"

வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கிற எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். வீட்டுக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் யார் விரல் எங்கே நின்றது என்று எழுதிவைத்தேன். பிறகு அம்மனை மேலே ஏற்றினேன்; அங்கே தொட்டால் ஒன்றும் நடக்காது, கும்பிட மட்டும். கீழே ஒரு சூரியன், ஒரு நிலா. கொழுந்து பறித்துக் காய்த்த விரலுக்கும் எட்டுகிற மாதிரி பெரிதாகப் போட்டேன். தொட்டால் மாத்திரையின் படம் வரும், என் குரல் பேசும்.

இன்று லெச்சுமி அக்கா தன் மாத்திரை உறைகளோடு மறுபடி வந்தார். உறையில் எழுதியிருந்தபடி அவருடைய மாத்திரைகளைச் செயலியில் ஏற்றிக் கையில் கொடுத்தேன். அம்மனைக் கும்பிட்டார். சூரியனை அமுக்கிக் கேட்டார்; வெள்ளையும் மஞ்சளும் வந்தன. பிறகு நிலாவை. மஞ்சள் மாத்திரை மட்டும் வந்தது. கையிலிருந்த வெள்ளை மாத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத ராவுல போடக்கூடாது, இல்ல?"

விதிப்படி நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு தடவை நிலாவை அமுக்கிக் கேட்டார். "கூடாது," என்று தானே சொல்லி, வெள்ளையை உறைக்குள் போட்டு மடித்தார்.

அடுத்த ஞாயிறு கீழ் லயத்துக்குக் கொண்டுபோகிறேன். அங்கேயும் எங்காவது தடுக்கும். எழுதிக்கொண்டு வந்து திருத்துவேன். மருமகள் ஊருக்குப் போன வீட்டிலும் மாமியார் சரியான மாத்திரையைப் போடும்வரை இதை விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அன்றைக்கு உங்கள் பக்கத்தில் இல்லாமல் போன,
உங்கள் மருமகள் புவனேஸ்வரி